நெட் வேகமாகத்தான் இருக்கிறது, தாளம்தான் இழுக்கிறது

ஆடி பிறந்துவிட்டால் வேலூர்ப் பக்கம் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தத் தெருவில் கூழ் ஊற்றினாலும் ராத்திரி ஒரு கச்சேரி இருக்கும். அதனால் ஆனியிலேயே ரிகர்சலை முடித்தாக வேண்டும். எங்கள் குழு சின்னது. நான் சத்துவாச்சாரி, கீபோர்டு. கிட்டார் தம்பி காட்பாடி. எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கும் அண்ணன் குடியாத்தம். பாடும் அக்காவுக்குப் பெங்களூரில் வேலை. நாலு பேரும் ஒன்றாக உட்காருவதே கச்சேரி நாளில்தான் என்று ஆகிவிட்டதால், அவரவர் வீட்டில் இருந்தபடியே நெட்டில் ரிகர்சல் பார்க்கலாம் என்று இறங்கினோம்.

வழக்கமாகப் பேசும் வீடியோ கால் ஆப்பிலேயே முதல் நாள் தொடங்கினோம். அண்ணன் நாலு தட்டு தட்டி எண்ணிக்கை கொடுத்தார். பல்லவி வரை ஏதோ ஓடியது. சரணம் வருவதற்குள் குத்துப்பாட்டு தாலாட்டாகிவிட்டது. "இன்னா தம்பி, தூங்கறியா?" என்றார் அண்ணன். "நீங்கதாண்ணா இழுக்கறீங்க" என்றேன் நான். இரண்டு வாரம் இதே சண்டை. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் என் வீட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டியது. அண்ணன் வீட்டிலும் குறைவில்லை.

அந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவதில்தான் எல்லாருடைய குழப்பமும் தொடங்குகிறது. எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்குள் எவ்வளவு தரவு போகும் என்ற கணக்கு, அதாவது சாலையின் அகலம். இசைக்கு அவ்வளவு அகலம் தேவையே இல்லை. ஒரு கருவியின் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதினால், எந்தச் சுருக்கமும் செய்யாமலே 768 கேபிபிஎஸ்தான் ஆகிறது. ஒரு எம்பிபிஎஸ் கூட இல்லை. நமக்கு வேண்டியது வேறு: ஒரு தட்டு அங்கே விழுந்ததற்கும் இங்கே கேட்பதற்கும் நடுவில் எத்தனை மில்லிசெகண்ட்? சாலையை எட்டு வழியாக்கினாலும், ஒரே ஒரு பைக் வேலூரிலிருந்து ஆற்காடு போய்ச்சேர ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துக்குப் பெயர்தான் லேட்டன்சி. நான் தாமதம் என்றே சொல்கிறேன்.

தாமதத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, பக்கத்துக் குழாயில் பாட்டு வந்தபின் கோடியில் இருக்கும் குழாயில் அதே வரி இன்னொரு முறை வந்து மோதும். நம் ஊர் வெயிலில் ஒலி காற்றில் நொடிக்கு 350 மீட்டர் அளவுக்குப் போகும். கணக்கு எளிது: ஒரு மில்லிசெகண்டுக்கு 35 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அடி. சேர்ந்து வாசிப்பவர்களுக்கு 25 முதல் 30 மில்லிசெகண்ட் வரை தாங்கும் என்பது பொதுவான அனுபவக் கணக்கு. தூரத்தில் சொன்னால் 9 அல்லது 10 மீட்டர், கல்யாண மண்டப மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள இடைவெளி. அதுவே 150 மில்லிசெகண்ட் ஆனால் 50 மீட்டருக்கு மேல். அண்ணன் மேடையில் இருக்க, நான் பந்தியையும் தாண்டி வண்டி நிறுத்துமிடத்தில் கீபோர்டைப் போட்டு வாசிப்பது மாதிரி.

பேச்சுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்ற பரிந்துரை, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பாதிப்பில்லை என்கிறது. வீடியோ கால் ஆப்புகள் அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டவை. ஒருவர் பேசி முடித்தபின் இன்னொருவர் பேசுகிறோம், அதனால் தெரிவதில்லை. இசையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அல்லவா பேச வேண்டும்!

பாட்டு ஏன் இழுத்தது என்பது இங்கே விளங்கிவிடும். அண்ணன் தட்டுகிறார். 100 மில்லிசெகண்ட் கழித்து எனக்குக் கேட்கிறது. அதோடு ஒட்டி நான் வாசிக்கிறேன், என் காதுக்குப் பிசகே இல்லை. நான் வாசித்தது அவரிடம் போய்ச்சேர இன்னொரு 100. அவர் காதில் நான் 200 மில்லிசெகண்ட் பின்தங்கியவன். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் தட்டுக்குத் தட்டு இடைவெளியே 500 மில்லிசெகண்ட்தான். "பையன் பின்னாடி வரான்" என்று இரக்கப்பட்டு அடுத்த தட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். அது எனக்கு இன்னும் தள்ளி வருகிறது. நானும் தள்ளுகிறேன். யாரும் தப்பு செய்யவில்லை, ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டே பாட்டைப் படுக்க வைத்துவிடுகிறோம். நல்ல வாத்தியக்காரர்களுக்குத்தான் இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் அவர்கள்தான் கூர்ந்து கேட்பவர்கள். இதை அண்ணனிடம் சொன்ன அன்றைக்கு எங்கள் சண்டை நின்றது.

ஆகவே முதல் வேலை, வீடியோ கால் ஆப்பை விடுவது. அதில் தாமதம் மட்டும் பிரச்சினை இல்லை. சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று, கீபோர்டில் நான் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். இசைக்காகவே செய்த மென்பொருள்கள் இருக்கின்றன: ஜாமுலஸ், சோனோபஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜாக்டிரிப். மூன்றையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஜாமுலஸில் எல்லோரும் நடுவில் உள்ள ஒரு சர்வருக்கு அனுப்ப, அது கலந்து திருப்பித் தரும். சோனோபஸில் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு நேராக அனுப்புகிறார்கள். நாலு பேர் என்றால் நான் மூன்று பிரதி அனுப்ப வேண்டும். நாங்கள் ஜாமுலஸில் நின்றோம்.

ஆப்பை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். கரகரப்பு, விட்டுவிட்டுக் கேட்பது, திடீரென்று ஆள் காணாமல் போவது எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தன. இந்த இடத்தில் பெரும்பாலோர் நெட் கொடுப்பவருக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். நானும் கத்தினேன். ஆனால் தேடலைக் காதிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும்: காது, கம்ப்யூட்டர், வைஃபை, ரவுட்டர், அதற்கப்புறம்தான் தெருக் கம்பம்.

காதிலேயே ஆரம்பிப்போம். அக்காவின் குரல் மட்டும் எப்போதும் ஒரு எட்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. காரணம், காதில் மாட்டியிருந்த ப்ளூடூத். சாதாரண ப்ளூடூத் இயர்போன் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதற்கே 150 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். நாம் நெட்டில் ஒவ்வொரு மில்லிசெகண்டாகப் பொறுக்கிச் சேமிப்பதை அது ஒரே வாயில் தின்றுவிடும். ஒயர் உள்ள ஹெட்போன் போட்டதும் அக்கா தாளத்துக்குள் வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதும் கூடாது. எல்லார் சத்தமும் மைக்கில் மறுபடி ஏறிச் சுற்றிச் சுற்றி வரும்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கிறோமே, அதில் ஒரு அளவுக்குச் சாம்பிள் என்று பெயர். ஒலியைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சாம்பிளாகக் கையாளாது, கொஞ்சம் சேர்த்துவைத்து ஒரு தூக்கில் தூக்கும். அந்தச் சேமிப்புக்கு பஃபர் என்று பெயர். 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட். 1024 என்றால் 21. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை இந்த நேரம் செலவாகும். அதனால் 1024இல் விட்டுவைத்தால் நெட்டைத் தொடும் முன்பே வரவு செலவு முடிந்துவிடும். சரி, 32இல் வைக்கலாமே என்றால், கம்ப்யூட்டர் மூச்சுவாங்கி கரகரவென்று சத்தம் வரும். 128இல் தொடங்கி, கரகரப்பு வந்தால் 256க்கு ஏற்றுங்கள். விண்டோஸில் ஆசியோ (ASIO) என்ற, தாமதம் குறைந்த ஒலி டிரைவர் இருந்தால்தான் பெரும்பாலும் இந்தச் சின்ன எண்களெல்லாம் சாத்தியம். இன்னொன்று, வேலூரில் மே மாதத்தில் லேப்டாப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக இருந்த அதே அமைப்பு மத்தியானம் கரகரக்கும். அப்போது நெட்டைத் திட்டிப் பயனில்லை, லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள்.

கரகரப்பு கம்ப்யூட்டரிலா நெட்டிலா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே ஆடியோ அமைப்பில் தனியாக வாசித்துப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் குற்றவாளி உங்கள் மேசையில்தான் இருக்கிறான். துண்டித்தால் சுத்தமாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: யாருக்கு யார் விட்டுவிட்டுக் கேட்கிறார்கள்? எனக்கு எல்லோருமே உடைந்து கேட்டு, மற்றவர்கள் ஒருவருக்கொருவர் நன்றாகக் கேட்டால், பழுது என் வீட்டுப் பக்கம், வரும் வழியில். எல்லோருக்கும் நான் மட்டும் உடைந்தால் அதுவும் என் வீடுதான், ஆனால் போகும் வழியில். எல்லோருக்கும் எல்லோருமே உடைந்தால் நடுவில் உள்ள சர்வர். வாட்ஸ்அப்பில் குழுவாக நாலு வரி கேட்டாலே பாதி வேலை முடிந்தது. நாங்கள் இதைக் கேட்காமலேயே அண்ணன் வீட்டு ரவுட்டரை ஆறு முறை அணைத்துப் போடவைத்தோம்.

அப்புறம் வைஃபை. நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பழைய சொலவடை உண்டு. முழுக் கோடும் காட்டி ஒன்றும் கேட்காத வைஃபையை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். கோடுகள் சொல்வது அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மட்டுமே. எத்தனை பேர் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருவில் பத்து ரவுட்டர்கள் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். தம்பி காட்பாடியில் ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்திருந்தான். படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் படம் சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நேரடி இசைக்கு அந்த வசதி இல்லை.

இதைப் பிங் என்ற கட்டளையால் கண்ணால் பார்க்கலாம்: ஒரு குட்டிச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1ஆக இருக்கும். கடைசியில் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். கன்ட்ரோலும் சியும் அழுத்தினால் நின்று, மொத்தக் கணக்கைத் தரும். ஒயரில் இருந்தால் ஒரு மில்லிசெகண்ட் அல்லது அதற்கும் கீழே, ஆடாமல் வரும். தம்பிக்கு 3, 4, 3, 87, 5, 142, 4 என்று வந்தது. அந்த 87உம் 142உம்தான் பாட்டை உடைத்தவை. சராசரியைப் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும், சராசரியைப் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் 20 மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கிக் கதவு ஓரமாக இழுத்ததும் அது அடங்கியது. அவன் அம்மா இரண்டு முறை தடுக்கினார், அது தனிக் கதை. கேபிள் முடியாதென்றால் ரவுட்டர் இருக்கும் அறைக்கே போய் 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள்.

பிங் எண்கள் இப்படி ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு ஜிட்டர் என்று பெயர். தாமதத்தைவிட இதுதான் கொடியது என்பேன். பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு டவுன் பஸ்ஸில் போய் ரயில் பிடிப்பவரை நினைத்துப் பாருங்கள். பஸ் தினமும் சரியாக 40 நிமிடம் எடுத்தால் 45 நிமிடம் முன்னால் கிளம்பினால் போதும். ஒருநாள் 30, ஒருநாள் 70 என்றால்? 75 நிமிடம் முன்பே கிளம்பி ஸ்டேஷனில் காத்துக்கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் மென்பொருளில் உள்ள ஜிட்டர் பஃபர். அதைப் பெரிதாக வைத்தால் ஒலி உடையாது, ஆனால் தாமதம் ஏறும். சின்னதாக வைத்தால் தாமதம் குறையும், சில பாக்கெட்டுகள், அதாவது நெட்டில் போகும் ஒலிப் பொட்டலங்கள், ரயிலைத் தவறவிடும். 128 சாம்பிளை ஒரு பாக்கெட்டாகக் கட்டினால் நொடிக்கு 375 பாக்கெட்டுகள் போகின்றன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே கேட்க நேரமில்லை. தாமதமாக வந்த பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றுதான், அதன் தட்டு எப்போதோ கடந்துபோயிற்று. ஜாமுலஸில் இந்த பஃபரைத் தானியங்கியில் விடலாம். ஜிட்டருக்கான விளக்கு அடிக்கடி சிவப்பானால் ஒரு படி கையால் ஏற்றிப் பாருங்கள்.

இனி என் சொந்தக் குற்றம். சரியாக மாலை ஆறரைக்கு மேல் நான் மட்டும் உடைய ஆரம்பித்தேன். ரவுட்டர் பிங் சுத்தம், ஒயர்தான். வெளியே கூகுளின் சர்வரான 8.8.8.8க்குப் பிங் போட்டால் 12இல் இருந்தது சட்டென்று 300ஐத் தொட்டது. தங்கச்சி கல்லூரியிலிருந்து வந்ததும் அவள் போன் வைஃபையில் சேர்ந்து, அன்றைக்கு எடுத்த வீடியோக்களை எல்லாம் தானாக மேலே ஏற்றத் தொடங்கும். ரவுட்டருக்குள் ஒரு வரிசை இருக்கிறது. பெரிய அப்லோடு வந்தால் அந்த வரிசை நீண்டுவிடும், என் குட்டி பாக்கெட் அதன் பின்னால் போய் நிற்கும். இரண்டு வண்டிக் கரும்பின் பின்னால் ஒரு சைக்கிள் மாதிரி. பஃபர்ப்ளோட் என்பார்கள். ரிகர்சல் நேரத்தில் வீட்டில் உள்ள போன்களின் தானியங்கிச் சேமிப்பையும், இணையத்தில் பதிவேற்றும் சிசிடிவியையும் நிறுத்திவைப்பது எளிய வைத்தியம். சில ரவுட்டர்களில் க்யூஓஎஸ் என்ற அமைப்பு இருக்கும், அதில் உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். எனக்குத் தங்கச்சியிடம் கெஞ்சுவது சுலபமாக இருந்தது.

வீட்டைத் தாண்டியபின் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். நேராக இணைக்கும் ஆப்புகளில் ஆள் பெயர் தெரிந்தும் சத்தம் வராமல் போனால், பெரும்பாலும் அடுக்குமாடிப் பிரச்சினை. இணைய முகவரிகள் போதாததால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. மொபைல் டேட்டாவிலும் அப்படித்தான். உள்ளிருந்து வெளியே கடிதம் போகும், வெளியிலிருந்து வரும் கடிதத்துக்கு எந்த வீடு என்று தெரியாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் அந்த அடுக்குமாடியில் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் வெளியே போய் நடுவில் உள்ள சர்வரில் சந்தித்தால் தீர்ந்தது.

அந்த சர்வர் எங்கே என்பது முக்கியம். நானும் தம்பியும் பாலாற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை. ஆனால் ஆளுக்கொரு நிறுவனத்து நெட் என்பதால் என் பாக்கெட் ஆற்றைத் தாண்டச் சென்னை போய்த் திரும்பி வந்தது. ஆச்சரியப்பட வேண்டாம், நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை மாற்றிக்கொள்வது பெருநகரங்களில்தான். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் 200 கிலோமீட்டர் ஓடிவிடும். அதனால் சென்னை போய்வருவது பெரிய செலவில்லை. வழி தெரியாமல் மும்பை சுற்றி வந்தால்தான் வலிக்கும். ஜாமுலஸ் சர்வர் பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரிலும் பிங் காட்டும். நாலு பேரும் பார்த்து, நாலு பேருக்கும் சுமாராக இருக்கும் ஒன்றை எடுங்கள். எனக்கு மட்டும் குறைவாக இருப்பது உதவாது. எடுத்தபின், நீங்கள் வாசித்தது சர்வரிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டு வாசியுங்கள், கீபோர்டின் சொந்த ஒலியைக் கேட்டு அல்ல. முதல் நாள் விரல் தள்ளாடும். ஆனால் நாலு பேர் காதிலும் ஒரே கலவை விழுவதால், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும், மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

எங்கள் பழைய புல்லாங்குழல்காரர் இப்போது சிங்கப்பூரில். அவரையும் சேர்க்கலாமே என்று அக்கா கேட்டார். சென்னையிலிருந்து அங்கே போகும் கடலடிக் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளி மட்டுமே ஒரு பக்கத்துக்கு 15 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மேலே பார்த்த மற்ற எல்லாம் அதற்கு மேல்தான். எந்த கேபிள் மாற்றியும் அதைக் குறைக்க முடியாது. நின்ஜாம் என்று ஒன்று இருக்கிறது, அது தாமதத்தோடு சண்டை போடாமல் ஒரு முழுச் சுற்று தள்ளியே எல்லோரையும் கேட்க வைக்கும். ஒரே தாளச் சுற்றில் திரும்பத் திரும்ப வரும் வாசிப்புக்கு அது பொருந்தும். ஆனால் பல்லவியும் சரணமுமாக நகரும் சினிமாப் பாட்டில் அவர் சரணத்துக்கு வரும்போது நாங்கள் பாட்டின் அடுத்த பகுதியில் இருப்போம். ஆகவே நாங்கள் வாசித்ததைப் பதிவு செய்து சனிக்கிழமை அனுப்புகிறோம். அவர் அதன்மேல் குழலை வாசித்து ஞாயிறு காலை அனுப்பிவிடுகிறார். இந்த ஆடிக்கு லீவு போட்டிருப்பதாக நேற்று மெசேஜ் வந்தது.